ஒரே வீட்டில் ஆறு பேர், ஆறு விதமான பழக்கம்

கேள்வி: எனக்கு 43 வயது. அலுவலக வேலையும் வீட்டுப் பொறுப்பும் சேர்ந்த வாழ்க்கை. கணவருக்கு 47 வயது. வாரத்தில் ஐந்து நாள் காலையில் 40 நிமிடம் ஓடுகிறார், பெரும்பாலும் தவறுவதில்லை. 20 வயது மகன் தினமும் ஒன்றரை மணி நேரம் ஜிம்மில் எடை தூக்குகிறான். 73 வயது மாமனார் மாலையில் நண்பர்களோடு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறார். 14 வயது மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பள்ளியில் கூடைப்பந்து ஆடினாள். இப்போது எதுவும் செய்வதில்லை. 69 வயது மாமியாரிடம் கேட்டால், "நாள் முழுவதும் வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்கிறார். நான் கடந்த ஓராண்டில் நான்கு முறை தொடங்கி, நான்கு முறையும் விட்டுவிட்டேன். அதிகபட்சம் ஐந்து வாரம் தாக்குப்பிடித்தேன். "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று கணவர் சொல்லும்போது பதில் பேச முடியவில்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்வது ஆண்களுக்குத்தான் இயல்பாக வருகிறதா? வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பப் பயிற்சி மாற வேண்டுமா, அல்லது எல்லாரும் ஒன்றையே செய்யலாமா?

பதில்: உங்கள் வீட்டில் பயிற்சி செய்கிற மூவரும் ஆண்கள், செய்யாத மூவரும் பெண்கள். 14, 43, 69 என்று மூன்று தலைமுறைப் பெண்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, அதைச் சோம்பல் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது. மூவரும் நின்றுபோனதற்குக் காரணம் ஒன்றே என்றும் எண்ணிவிடக் கூடாது. இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பல குடும்பங்களைப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது: யார் தொடர்ந்து பயிற்சி செய்கிறார், யார் பாதியில் விடுகிறார் என்பதில் உடற்கூற்றின் பங்கு சிறியது, யாருடைய நேரம் யார் கையில் இருக்கிறது என்பதன் பங்கு பெரியது. ஆனால் யார் எந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு உடற்கூறுதான் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீடுகளில் வீண் பேச்சு வளர்கிறது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு, 2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் வயதுவந்தோரில் 31.3 விழுக்காட்டினர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என்று கணக்கிட்டது. பெண்களில் இந்த விகிதம் 33.8, ஆண்களில் 28.7. 60 வயதைத் தாண்டியதும் இருபாலரிடமும் இயக்கம் குறைகிறது. வளரிளம் பருவத்தினரின் நிலை இதைவிட மோசம்: 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள சிறுமியரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரும் சிறுவரில் 78 விழுக்காட்டினரும் பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இடைவெளி இருப்பதைவிட, அந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மாறுவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில நாடுகளில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இயங்குகிறார்கள். வேறு சில நாடுகளில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். பெண் உடலின் இயல்பே காரணம் என்றால், எங்கும் ஏறத்தாழ ஒரே இடைவெளி இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. இத்தகைய கணக்கெடுப்புகள் வேலை, பயணம், ஓய்வு நேரம் ஆகிய மூன்றிலும் உடல் இயங்குவதைச் சேர்த்தே கேட்கின்றன. வீட்டு வேலையும் அதற்குள் வந்துவிடும். நாம் 'உடற்பயிற்சிப் பழக்கம்' என்று பேசுவதோ, ஓய்வு நேரத்தில் தனக்கென்று ஒருவர் திட்டமிட்டுச் செய்வதை மட்டும்தான். நாளெல்லாம் ஓடியாடி வேலை செய்யும் ஒரு பெண், பழக்கம் என்ற கணக்கில் பூஜ்யமாகவும், எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு 40 நிமிடம் ஓடுகிற ஓர் ஆண் அதே கணக்கில் முழு மதிப்பெண்ணாகவும் தெரிவது இதனால்தான். உங்கள் மாமியாரின் கேள்வியில் பாதி நியாயம் இருப்பதும் இதனால்தான். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

உடற்கூற்று வேறுபாடுகளை மறுப்பதற்கில்லை. சராசரியாக ஆண்களுக்கு இதயம் சற்றுப் பெரியது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், தசையின் அளவும் அதிகம். ஆகவே ஒரே வயதில், ஒரே அளவு பழகிய ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடினால் சராசரியாக ஆண் முன்னால் போவார். அது வேகத்தைப் பற்றிய செய்தி. பழக்கத்தைப் பற்றியது அன்று. எடைப் பயிற்சியில் ஆண் தூக்கும் எடை கூடுதலாக இருக்கலாம். ஆனால் தொடங்கிய நிலையிலிருந்து எத்தனை விழுக்காடு முன்னேறினார் என்று பார்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் முன்னேறுகிறார்கள். பயனைப் பொறுத்தவரை பெண்களின் நிலை இன்னும் சாதகமானது என்று சொல்ல இடமிருக்கிறது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவைக் கொண்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 300 நிமிடப் பயிற்சியோடு ஆண்களிடம் காணப்பட்ட இறப்பு அபாயக் குறைவு, பெண்களிடம் 140 நிமிடத்திலேயே காணப்பட்டது. பயிற்சி நேரத்தை அவரவர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அந்த எண்களை அப்படியே கல்லில் பொறிக்க வேண்டாம். ஆனால் குறைந்த நேரம்தான் கிடைக்கிறது என்று நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை என்பதற்கு அது போதும்.

பெண்ணுடல் இதற்கு ஏற்றதன்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடத்தப்பட்டது. ஓடி முடித்த சிலர் களைத்துப்போனதைக் காரணம் காட்டி அந்தப் போட்டியையே நீக்கிவிட்டார்கள்; அது திரும்பி வர 1960 ரோம் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல். உங்கள் மாமியாரின் இளமைக்காலம் முழுவதும், நீண்ட தூரம் ஓடினால் பெண்ணுக்கு ஆகாது என்று படித்தவர்களே நம்பிய காலம். அவரிடம் "ஏன் உங்களுக்குப் பழக்கமே இல்லை?" என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். முதலில் மகள்.

கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி 12 வயதில் நிறுத்திவிட்டாள் என்றால், படிப்புச் சுமைதான் காரணம் என்று பெற்றோர் பெரும்பாலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பூப்பெய்தும் வயதில் உடல் மாறுகிறது. பழைய சீருடை பொருந்துவதில்லை. ஓடும்போது மார்பு அசைவது கூச்சத்தைத் தருகிறது. மாதவிடாய் நாள்களில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயம் ஆட்டத்தைவிடப் பெரிதாகிறது. பிறர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு முதன்முறையாக வருகிறது. இவற்றில் எதையும் அவள் தானாக வந்து உங்களிடம் சொல்லமாட்டாள். போதாக்குறைக்கு, அந்த வயதில்தான் பள்ளிகளில் விளையாட்டு என்பது எல்லாரும் ஆடுவது என்ற நிலை மாறி, தேர்வானவர்கள் மட்டும் ஆடுவதாகச் சுருங்குகிறது. சிறுவர்களில் அணியில் இடம் கிடைக்காதவன் வெளியில் போய் ஆடிக்கொள்கிறான். சிறுமிக்கு அந்த வெளி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆகவே அவளிடம் "உடற்பயிற்சி செய்" என்று சொல்லாதீர்கள்; உடல் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அவள் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் விளையாட்டு உள்ளாடை ஒன்றும், கறை தெரியாத அடர்நிறக் கால்சட்டையும் பல அறிவுரைகளைவிட நல்ல வேலை செய்யும். மாதவிடாய் நாள்களில் விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஆடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அது அவள் விருப்பம். வலி தாங்க முடியாத அளவிலோ, உதிரப்போக்கு மிக அதிகமாகவோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் சோர்ந்திருக்கும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக இயங்க வேண்டும் என்பதும், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் அதில் மூச்சு வாங்கும் இயக்கமும் தசை, எலும்பை வலுப்படுத்தும் இயக்கமும் இருக்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதில் எலும்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பின் பெரும் பகுதி பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. குதித்து ஆடும் ஆட்டங்கள் அந்தச் சேமிப்பைக் கூட்டுகின்றன. கூடைப்பந்து அதற்கு மிகப் பொருத்தமான ஆட்டம். அணி வேண்டாம், போட்டி வேண்டாம், ஒரு தோழியும் ஒரு பந்தும் இருந்தால் போதும் என்ற அளவில் அதைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பந்தே வேண்டாம், நடனம் ஆடுகிறேன் என்றால் அதுவும் சரியே.

அந்தச் சேமிப்பு கரைகிற வயதில் இருப்பவர் உங்கள் மாமியார். மாதவிடாய் நின்றபின் வரும் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் பெண்களின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது; ஆண்களுக்கு இந்தச் சரிவு படிப்படியாகவே வருகிறது. இதனோடு, 30 வயதுக்குப் பிறகு மெல்லத் தொடங்கி 60க்குப் பிறகு விரைவுபடும் தசை இழப்பும் சேர்ந்துகொள்கிறது. அவர் கேட்ட கேள்வியின் நியாயமான பாதிக்கு ஒரு புகழ்பெற்ற சான்றே இருக்கிறது. 1953இல் ஜெரி மாரிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து, நாள் முழுவதும் இருக்கையில் இருந்த பேருந்து ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததை வெளியிட்டார்கள். வேலையில் உடல் அசைவதும் இதயத்துக்கு நல்லது என்பது அன்றே தெரிந்துவிட்டது. (அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இந்தத் துறையின் தொடக்ககால அறிவில் பெரும் பகுதி ஆண்களை மட்டும் பார்த்துப் பெற்றதுதான்.)

மீதிப் பாதி இதுதான்: வீட்டு வேலை உடலை அசைக்கிறது, ஆனால் பழகிப்போன அசைவுகளையே திரும்பத் திரும்பத் தருகிறது. 20 ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை தசைக்குப் புதிய சுமையைத் தருவதில்லை. சுமை கூடாமல் தசை வலுப்பெறுவதில்லை. முன்னால் குனிந்தபடி நிற்பதும் ஒரே கையால் தூக்குவதும் முதுகையும் தோளையும் களைப்பாக்குகின்றனவே தவிர, தடுமாறும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கும் தொடைக்கும் கணுக்காலுக்கும் பயிற்சி தருவதில்லை. அவர் உழைப்பைக் குறைத்துப் பேசாமல் இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரையொட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுவதும் எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அருகில் ஒருவர் நின்றுகொள்ள வேண்டும். 65 முதல் 69 வயது வரையுள்ள பெண்ணுக்கு 11 முறைக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே, அதாவது விழும் அபாயம் கூடுதல் என்று பொருள். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆணுக்கு அந்த எல்லை 12. மாமனாரையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர் இதில் எளிதாகத் தேறிவிடுவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நடைமுறையில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் வந்து, அதுவரை நடந்த வாதம் அங்கேயே முடிந்துபோவதும் உண்டு.

இந்த வயதில் தொடங்கி என்ன ஆகப்போகிறது என்று அவர் கேட்டால், 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கான எடைப் பயிற்சி கொடுக்கப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அவரைவிட 20 வயது மூத்தவர்கள் அவர்கள். அவருக்கு நான் தருவது நான்கே அசைவுகள்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, அதே மேசையருகில் பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்பது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது. ஒவ்வொன்றும் எட்டுப் பத்து முறை, வாரத்தில் மூன்று நாள், 15 நிமிடம். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்ற பரிந்துரை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மூட்டு வலியோ, தலைச்சுற்றலோ, ரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். ஏற்கெனவே எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தால் முன்னால் மடங்கிக் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

ஆண்கள் மூவரையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைப் பார்த்துத்தான் உங்களை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள். உண்மையில் உங்கள் வீட்டில் முழுமையாகப் பயிற்சி செய்பவர் ஒருவரும் இல்லை. வயதுவந்தோருக்கான பரிந்துரை இரண்டு பகுதிகளைக் கொண்டது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம், அத்துடன் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுப் பயிற்சி. உங்கள் கணவர் வாரத்துக்கு 200 நிமிடம் ஓடி முதல் பகுதியைத் தாராளமாக நிறைவு செய்கிறார். இரண்டாவது பகுதியைத் தொடவே இல்லை. 47 வயதில் தொடையும் முதுகும் தோளும் வலுவிழக்கத் தொடங்கியிருக்கும்; ஓட்டம் அதை ஓரளவுதான் தடுக்கும். ஒழுங்காக ஓடுகிறவர்களுக்கு உள்ள இன்னொரு ஆபத்து, தமக்கு எதுவும் வராது என்ற நம்பிக்கை. ஓடும்போது மார்பில் அழுத்தமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடாமல், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மகன் இதற்கு நேர்மாறு: வலுப் பயிற்சி மட்டும், ஓட்டமோ நீச்சலோ இல்லை. 20 வயதில் இதன் விளைவு தெரியாது. அந்த வயது ஆண்களைப் பயிற்சிக்கு இழுப்பது பெரும்பாலும் உடல்நலம் அன்று, தோற்றம். அதே வயதுப் பெண்களை உடல் மெலிய வேண்டும் என்ற கவலை வாட்டுவதுபோல, ஆண்களை உடல் போதிய அளவு பெருக்கவில்லை என்ற கவலை வாட்டுகிறது. தசையைப் பெருக்கும் ஊசியோ மாத்திரையோ யாராவது கொடுத்தால் தொடக் கூடாது என்பதை அவன் தந்தை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடட்டும். வெளியிலிருந்து ஹார்மோன் செலுத்தினால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு உற்பத்தியும் இதயமும் பாதிக்கப்படும். படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் ஆண்டில் அவன் பழக்கமும் ஆட்டம் காணும். ஆண்களின் பழக்கம் உடைகிற இடம் பெரும்பாலும் அதுவே. பெண்களுக்கு அப்படிப்பட்ட இடங்கள் அதிகம் என்பதுதான் வேறுபாடு. மாமனாரைப் பொறுத்தவரை அவர் நடையை நிறுத்தாமல் தொடர்வதற்குக் காரணம் கால்கள் அல்ல, நண்பர்கள். அதைக் கலைத்துவிடாமல், மாமியாருக்குச் சொன்ன அதே நான்கு அசைவுகளை அவரும் சேர்ந்து செய்தால் போதும்.

இப்போது உங்களைப் பற்றி.

நான்கு முறை விட்டீர்களே, ஒவ்வொரு முறையும் நின்றுபோன அந்த வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என்னிடம் வருகிற உங்கள் வயதுப் பெண்களிடம் இதைக் கேட்டால், யாருக்கோ காய்ச்சல், பிள்ளைக்குத் தேர்வு, விருந்தினர் வருகை, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம் என்று வருமே தவிர, "எனக்கு அன்று மனமில்லை" என்று எழுதுபவர் அரிது. அதன் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: அதே வாரத்தில் கணவரின் ஓட்டம் நின்றதா? நிற்கவில்லை என்றால் அவர் உறுதியானவர் என்பது மட்டும் பொருளன்று. அவர் ஓடும் அந்த 40 நிமிடத்தில் வீட்டில் நடக்க வேண்டியவற்றை வேறொருவர் செய்து முடித்தார் என்பதும் பொருள். அவருடைய மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு மார்க்கம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது, மனம் அதில் ஓடுகிறது. உங்களுக்கு ஒவ்வொரு நாளும் மார்க்கத்தையும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐந்து வாரத்தில் விட்டுவிட்டதைத் தோல்வி என்று கணக்கில் எழுதாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற நடுத்தர அளவில் 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது வேறுபட்டது. உடற்பயிற்சி, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டது. ஆக, 35ஆம் நாளில் நீங்கள் விட்டபோது பழக்கம் உருவாகி உடையவில்லை. உருவாகி முடியவே இல்லை. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் தவறியதும் "இனி அடுத்த மாதம் முதல் தேதி பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பதுதான் கெடுக்கிறது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும், கடிதத்தில் எழுதக் கூசும் செய்தி என்பதால் நானே கேட்கிறேன். ஓடும்போதும் குதிக்கும்போதும் இருமும்போதும் சிறுநீர் கசிகிறதா? பிரசவத்துக்குப் பிறகு இது மிகப் பலருக்கு நேர்கிறது. காரணத்தை யாரிடமும் சொல்லாமல் பயிற்சியையே நிறுத்திவிடுபவர்கள் நிறைய. இருந்தால், சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி, சில வினாடி நிறுத்தி, முழுவதும் தளர்த்துங்கள். ஒரு முறைக்கு எட்டுச் சுருக்கம் வீதம், நாளுக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்து பழகக் கூடாது. குறையவில்லை என்றால் இதற்கென்றே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 43 வயதில் மாதவிடாய் சீரற்றுப்போவதும் தூக்கம் கெடுவதும் மூட்டுகள் வலிப்பதும் தொடங்கியிருந்தாலும் வியப்பில்லை. மோசமாகத் தூங்கிய இரவுக்கு மறுநாள் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு நான் முதன்மையாகச் சொல்வது வலுப் பயிற்சி. எலும்பு வேகமாகக் கரையப்போகும் ஆண்டுகளுக்கு முன்னால் நிற்கும் உங்களுக்கு, கிடைக்கும் குறைந்த நேரத்தில் அதிகப் பலன் தருவது அதுவே. எடை தூக்கினால் ஆண்களைப்போல உடல் பெருத்துவிடும் என்ற பயம் வேண்டாம். அதற்கான ஹார்மோன் அளவு பெண்ணுடலில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம்: உட்கார்ந்து எழுந்திருத்தல், டம்பெல்லைத் தலைக்கு மேல் உயர்த்துதல், குனிந்து டம்பெல்லை வயிற்றை நோக்கி இழுத்தல், மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால். பத்து முறை செய்த பிறகு இன்னும் இரண்டு முறை மட்டுமே முடியும் என்று தோன்றுகிற எடையே சரியான எடை. அது எளிதாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். மற்ற நாள்களில் பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்தாக வேண்டும் என்பதில்லை. குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்றிருந்த பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் கைவிட்டுவிட்டது. பத்தாயிரம் காலடி என்ற எண்ணையும் துரத்தாதீர்கள். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. பிற்கால ஆய்வுகளின்படி 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 என்ற அளவுக்கு மேல் ஆயுள் பலன் பெரிதாகக் கூடுவதில்லை.

நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வலுப் பயிற்சி தேவை. அதை அவர் வீட்டிலேயே செய்யலாம். ஐந்து நாள் ஓட்டத்தில் இரண்டைக் குறைத்தாலும் வாரத்துக்கு 120 நிமிடம் ஓடுவார். கடுமையான இயக்கத்துக்கான 75 நிமிட அளவைத் தாண்டியே நிற்பார். அந்த இரண்டு காலைகளில் வீட்டுப் பொறுப்பு அவருடையது. அதற்கு நடுவே 20 நிமிடம் டம்பெல் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டோ வெளியில் போயோ உங்கள் பயிற்சியைச் செய்யுங்கள். அழைத்தாலும் 40 நிமிடத்துக்கு வரவேண்டாம். எடைப் பயிற்சியில் உடலை எப்படி நிறுத்த வேண்டும் என்பதை மகன் உங்களுக்கும் தந்தைக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் அவன் ஜிம்முக்குப் பதிலாகத் தந்தையோடு ஓடட்டும். மகளுக்குத் துணையாக ஆட வேண்டிய பொறுப்பையும் மாமியாருக்குப் பயிற்சி எண்ணிச் சொல்லும் பொறுப்பையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். முந்தையதைத் தோழியும் பிந்தையதை மாமனாரும் பார்த்துக்கொள்வார்கள். எந்தெந்த இரண்டு காலைகள் என்பதைக் கணவரோடு பேசி முடிவு செய்யும்போது, வீட்டில் யாருக்காவது உடல்நலமில்லாமல் போனால் அந்தக் காலை வேறு நாளுக்கு மாறுமே தவிர ரத்தாகாது என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.